தின்னர் வாசம் மூட்டைத் தின்னுமா?

கேள்வி: சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் 14 ஆண்டுகளாகச் சாயம் பூசுகிறேன். வயது 46. ஆறு மாதமாக வலது முழங்காலில் வலி, படி இறங்கும்போது கூடுதல். ஆர்கானிக் ரசாயனங்கள் மூட்டுக் குருத்தெலும்பின் உயிரணுக்களைக் கொன்றுவிடும் என்று நண்பர் ஒரு செய்தி அனுப்பினார். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தேக்கா சந்தையில் ‘ஆர்கானிக்’ என்றால் ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாத கீரை. வேதியியலில் கார்பன் உள்ள கரிமச் சேர்மங்களுக்கே அந்தப் பெயர். சாயத்தை நீர்க்கச் செய்ய நீங்கள் கலக்கும் தின்னரும் அதில் அடக்கம், சிகரெட் புகையில் இருக்கும் பென்சோபைரீனும் அடக்கம். உடம்புக்குள் போனால் இரண்டின் போக்கும் வேறு.

குருத்தெலும்பில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் உயிரணுக்கள், மூட்டுத் திரவத்திலிருந்து ஊறிவரும் சத்தை வைத்தே பிழைக்கின்றன. செத்தால் ஈடுகட்டப் புதியவை வருவது அரிது. பென்சோபைரீன், உயிரணுவில் ரசாயனங்களை அடையாளம் கண்டு பிடிக்கும் ஏற்பி ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அதைச் சிதைக்க நொதிகள் கிளம்பும்போது உயிரணுவையே அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகள் உண்டாகின்றன. அந்த அரிப்பு மிஞ்சினால், குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளை வெட்டும் நொதிகளும் பெருகும். பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி என்ற குளோரின் சேர்மங்கள் பட்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குருத்தெலும்பு உயிரணுக்கள் தாமாகவே மடிந்திருக்கின்றன. நண்பர் அனுப்பியது இந்த மாதிரிச் செய்தியாகத்தான் இருக்கும். தப்பில்லை. ஆனால் கண்ணாடித் தட்டில் நேரே ஊற்றும் அளவு வேறு, உங்கள் முழங்காலுக்குப் போய்ச் சேரும் அளவு வேறு.

பிசிபி கொழுப்பில் தங்கிப் பல ஆண்டு கிடக்கும். தின்னரில் இருக்கும் டொலுவீன், சைலீன் பெரும்பாலும் ஓரிரு நாளில் மூச்சிலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். அவை முதலில் தாக்குவது மூளையையும் நரம்பையும் தோலையும். குருத்தெலும்பைக் கரைக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது. எனக்குச் சந்தேகம் தின்னர் மேல் இல்லை, நாள் முழுக்கக் கப்பலின் தொட்டிக்குள் குந்தி உட்கார்ந்து பூசுவது மேல்தான். படி இறங்கும்போது வலிப்பது பெரும்பாலும் முழங்கால் சில்லுக்குப் பின்னால் உள்ள தொல்லை. ஒரு பலகையைப் போட்டு உட்காருங்கள். தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள்.

அதற்காகத் தின்னருக்கு நற்சான்று தருகிறேன் என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்ததும் தின்னரில் துணியை நனைத்துக் கை துடைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தோல் வழியாகவும் உள்ளே போகும். என்95 முகக்கவசம் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கென்று உள்ள வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. போட்டிருக்கும்போதே வாசம் வந்தால் வெளியே வந்து வடிகட்டியை மாற்றுங்கள். புகைப்பவரானால், பென்சோபைரீன் உங்களுக்குத் தொட்டியிலிருந்து அல்ல, சட்டைப் பையிலிருந்து வருகிறது. 2013 ஜூனில் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட புகைமூட்டத்திலும் அந்த வகைச் சேர்மங்கள் இருந்தன.

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சாய டப்பாவின் லேபிளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். முழங்கால் வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மருந்தகத்தில் வரிசைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.