நாலு கோழியும் ஒரு மூட்டைத் தீனும்

கேள்வி: முட்டை விலை திரும்பவும் ஏறிக்கொண்டு போகிறது. பிள்ளைகள் மூன்று பேருக்கும் கிழமைக்கு இரண்டு முட்டையாவது கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட்டால் என்ன? என் கணவரோ, "வளவுக்குள் நாலு கோழி வளர்த்தால் முடிந்தது, கடைக்கு ஏன் போக வேண்டும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— வாசகி ஒருவர், விசுவமடு

பதில்: சகோதரி, கட்டுப்பாட்டு விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, உங்கள் கணவர் சொன்ன அந்த நாலு கோழிக்கு வருகிறேன். சனங்கள் மீளக் குடியேறிய காலத்திலிருந்து வன்னியின் வறுமையைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும், பேச்சு கடைசியில் அந்த நாலு கோழியில்தான் வந்து நிற்கிறது.

கட்டுப்பாட்டு விலையை நாம் ஒரு தடவை பார்த்துவிட்டோம். 2022 ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று வர்த்தமானியில் உச்ச விலை வந்தது. 2023 தொடக்கத்தில் அது 44, 46 ஆனது. அதே ஆண்டு ஏப்ரலில் கிலோக் கணக்கிலும் 880, 920 என்று வந்தது. ஒவ்வொரு தடவையும் விலை தாளில் இருந்தது, முட்டை கடையில் இருக்கவில்லை. போட்ட காசு கைக்கு வராத விலையில் எந்தப் பண்ணைக்காரரும் தொடர்ந்து விற்கமாட்டார். 2023 மார்ச்சில் இந்திய முட்டை வந்தது; முதலில் பேக்கரிகளுக்கும், பிறகு 35 ரூபாவுக்குப் பொதுமக்களுக்கும் கொடுத்தார்கள். பட்டணத்தில் வாங்கியவர்களுக்கு அது ஆறுதல்தான். ஆனால் அரசின் சதொசக் கடையும் சூப்பர்மார்க்கெட்டும் இல்லாத சந்தியில், பெட்டிக்கடையில் ஒன்றிரண்டாக முட்டை வாங்குகிற தாய்க்கு அதனால் என்ன கிடைத்தது?

அந்த வர்த்தமானி சிவப்பு ஓட்டுக்கு இரண்டு ரூபா கூட்டிக் கொடுத்ததை நான் அப்போதே இந்தப் பக்கத்தில் கண்டித்தேன், இன்றும் கண்டிக்கிறேன். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. மஞ்சட்கருவின் நிறம் அது தின்ற தீனைப் பொறுத்தது. ஒரே நிறையுள்ள வெள்ளை முட்டைக்கும் சிவப்பு முட்டைக்கும் சத்தில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம் இருக்கிறது. பிள்ளை பெரியவளானால் ஊர்க்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம்; அதை நான் மதிக்கிறேன். ஆனால் கிழமைக்கு ஆறு முட்டை வாங்க வேண்டிய நீங்கள் நிறத்துக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளையில் பெரியதைப் பார்த்து வாங்குங்கள்.

இனி அந்த நாலு கோழி. உங்கள் கணவரின் யோசனையை நான் தட்டிவிடவில்லை, கணக்குப் பார்க்கச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளுக்குக் கிழமைக்கு இரண்டு வீதம் என்றால் ஆண்டுக்கு 312 முட்டை வேண்டும். ஊர்க்கோழிப் பேடு பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடைக்குப் படுத்துவிடும். இருபத்தொரு நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு திரியும் மாதங்கள் என்று போனால், ஒரு பேடு ஆண்டுக்கு நூறு முட்டை இடுவது அரிது. அறுபது எழுபது வந்தாலே நல்ல பேடு. அப்படிப் பார்த்தால் நாலு பேடும் சேர்ந்து இடுவது உங்கள் பிள்ளைகளின் தேவைக்குக் கிட்ட வரும், ஆனால் அதிலிருந்துதான் அடை வைக்கவும் எடுக்க வேண்டும். அடை வைக்காவிட்டால் அடுத்தடுத்த ஆண்டு கூட்டில் கோழியே இருக்காது.

பண்ணைக் கோழி, அதாவது லேயர், வேறு. அது ஆண்டுக்கு முந்நூறு வரை இடும். ஆனால் நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் தீன் வேண்டும், அதுவும் சரியான தீன். சோற்றுப் பருக்கையும் குறுநலும் போட்டு வளர்த்தால் முட்டை நின்றுவிடும். நாலு கோழிக்கு மாதம் 13 கிலோ. கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,600 ரூபா தீனுக்கு மட்டும் போகும். நூறு முட்டை வந்தால் ஒன்றுக்கு 26 ரூபா. கடையில் வாங்குவதைவிட இது மலிவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் தீன் மூட்டைக்கான காசை முட்டை வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். குஞ்சாக வாங்கினால் முதல் முட்டைக்கு 18 முதல் 20 கிழமை காத்திருக்க வேண்டும், அந்த ஐந்து மாதமும் அது தின்று கொண்டேதான் இருக்கும். நாட்கூலியில் ஓடும் வீட்டில் அந்த மூட்டைக் காசுதான் கோழி வளர்ப்பின் முழுப் பிரச்சினையும். காலையில் கூடு திறந்து, தண்ணீர் மாற்றி, மாலையில் எண்ணி அடைப்பது யார் என்பதையும் உங்கள் கணவரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நான் பார்த்த வீடுகளில் யோசனை ஆணுடையதாகவும் வேலை பெண்ணுடையதாகவும் இருக்கிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2009க்குப் பிறகு, பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு வாழ்வாதாரம் என்ற பெயரில் வன்னியெங்கும் கோழிகள் கொடுக்கப்பட்டன. கோழி கொடுத்தது நல்ல காரியம். ஆனால் பல இடங்களில் கொடுத்தது கோழி மட்டும்தான். பொது மண்டபத்தில் கூட்டம் கூட்டி, படம் எடுத்து, ஒரு மாதத் தீனோடு கையில் கொடுத்துவிட்டு அதிகாரிகள் வாகனம் ஏறிப் போனார்கள். இரண்டாம் மாதம் தீன் முடிந்தது. கோழி வளவைக் கிளறித் திரிந்தது, மெலிந்தது, முட்டையை நிறுத்தியது. கீரியும் மரநாயும் பருந்தும் தம் பங்கை எடுத்தன. மிச்சத்தை இராணிக்கெட் என்ற கோழிக் கொள்ளைநோய் கொண்டு போனது. அந்த நோய் வந்த வளவை நான் பார்த்திருக்கிறேன்: கழுத்து ஒரு பக்கமாக முறுகி, செட்டை தொங்கி, பச்சையாகக் கழிந்துகொண்டு மாமரத்தடியில் ஒன்று நிற்க, மற்றவை அதற்கு முன்பே விழுந்து கிடந்தன. பிறகு அந்தத் தாயைப் பார்த்து, "கொடுத்ததையும் பராமரிக்கத் தெரியாதவர்கள்" என்று சொன்னார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொருவருக்கும் இந்தப் பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். தீனுக்கு வழி செய்யாமல் கோழியைக் கொடுப்பது உதவி அல்ல, அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு வாயைச் சுமத்துவது.

ஏனென்றால் முட்டையின் விலை தீனில் இருக்கிறது. பண்ணைச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தீனுக்கே போகிறது. அந்தத் தீனில் ஏறத்தாழப் பாதி சோளம். 2018 கடைசியில் சேனாப் படைப்புழு நம் நாட்டுச் சோளத்தில் இறங்கியது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடை செய்தார்கள். சோளச் செய்கை படுத்தது. அடுத்த ஆண்டு டொலர் இல்லை, இறக்குமதியும் இல்லை. 200 ரூபாவாக இருந்த டொலர் சில கிழமைகளில் 360ஐத் தாண்டியது. பண்ணைக்காரர்கள் முட்டையிடும் கோழியையே இறைச்சிக்கு விற்றார்கள். குஞ்சு பொரிக்கும் தாய்க்கோழிகளையும் வெளிநாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது, அதுவும் குறைந்தது. அதே சோளத்தை நம்பித்தான் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷா என்ற சத்துமாவும் இருக்கிறது; சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அதற்கும் தட்டுப்பாடு வந்தது. ஆகவே சோளம் விழுந்தால் ஏழைப் பிள்ளையின் தட்டில் இரண்டு பக்கத்தாலும் அடி விழுகிறது.

இதை வன்னியில் இருந்துகொண்டு பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. குருநாகல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஏ9 வீதி வழியே லொறியில் முட்டை ஏறி வருகிறது. தீன் மூட்டையும் தெற்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் தீனுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி நம் காலடியில் கிடக்கிறது. கிளிநொச்சி, பரந்தன் ஆலைகளில் தவிடு இருக்கிறது. விசுவமடு, புதுக்குடியிருப்பு மணலில் கச்சான் விளைகிறது. எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு புரதம் நிறைந்தது. முல்லைத்தீவுக் கரையில் கழிவு மீனும் கருவாட்டுத் தூளும் உண்டு. ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதற்குச் சிப்பி ஓடு உண்டு. மேட்டுக் காணியில் பெரும்போகத்தில் சோளம் போடலாம். விற்றமின் கலவையையும் சில அமினோ அமிலங்களையும் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும், ஆனால் அது மூட்டையில் சிறு பங்கு. சோளமும் கச்சானும் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சணம் பிடித்துக் கோழிக்கு நஞ்சாகும் என்பதால், காயவைக்கும் தளமும் நல்ல களஞ்சியமும் கட்டாயம் வேண்டும். யானையும் பன்றியும் மயிலும் சோளத்தை விட்டுவைக்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலியில்லாமல் சோளம் போடச் சொல்வது விவசாயியை ஏமாற்றுவதாகும். ஆகவே நமது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிடமும் மாகாண அமைச்சிடமும் கேட்க வேண்டியவை இவை: ஒரு சிறு தீன் ஆலை, ஒரு களஞ்சியம், யானை வேலி, விதைக்கும் முன்பே சொல்லப்படும் கொள்வனவு விலை. நாலு கோழி கொடுக்கும் காசை ஐந்து ஆண்டு சேர்த்திருந்தால் இவற்றில் பாதியாவது இன்று நின்றிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை நீங்கள் என்ன செய்யலாம்? நாலைந்து வீடுகள் சேர்ந்து முப்பது முட்டைத் தட்டாக வாங்கினால் ஒன்றுக்கு இரண்டு மூன்று ரூபா மிஞ்சும். பழையதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதைத் திருப்பிக் கொடுங்கள். வாங்கியதைக் கழுவி அடுக்காதீர்கள், சமைக்கும்போது கழுவுங்கள். முட்டை இல்லாத நாளில் பயறும் கௌபியும் நெத்தலிக் கருவாடும் பிள்ளைகளின் சோற்றோடு இருக்கட்டும்.

கோழி வளர்ப்பது என்று தீர்மானித்தால், கூட்டுக்கு முன்பு தடுப்பு மருந்துக்கு ஒழுங்கு செய்யுங்கள். இராணிக்கெட் மருந்து நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமான குப்பியாகத்தான் வருகிறது; குளிரில் இருக்க வேண்டும், கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாலு கோழிக்காக ஒருவரும் அதை உடைக்க மாட்டார்கள். உங்கள் ஒழுங்கையில் இருபது முப்பது வீட்டுக் கோழிகளை எண்ணி ஒரு தாளில் எழுதி, மாதர் சங்கத்தின் பெயரில் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போங்கள். திகதி தந்தால் அதற்கு முந்திய இரவு எல்லாக் கோழிகளையும் கூட்டிலேயே அடைத்து வையுங்கள். விடிந்தால் பிடிக்க முடியாது.