மவ்லா: எஜமானரா, அடிமையா?

கேள்வி: 'மவ்லா' என்ற அரபுச் சொல்லுக்கு எஜமானர் என்கிறது ஒரு நூல், விடுதலை பெற்ற அடிமை என்கிறது இன்னொன்று. எது சரி?

இரண்டுமே. 'வலா' என்பது இருவரைப் பிணைக்கும் உறவு. அதில் மேலே இருப்பவரும் மவ்லாதான், கீழே இருப்பவரும் மவ்லாதான். குர்ஆனில் 'அன்த மவ்லானா' (நீயே எங்கள் மவ்லா, 2:286) என்று இறைவனைப் பாதுகாவலனாக அழைக்கிறோம். எனக்குப் பின் வரும் மவாலிகளை ('மவ்லா'வின் பன்மை) அஞ்சுகிறேன் என்று ஸக்கரிய்யா நபி சொல்லும்போது (19:5) அது உறவினரைக் குறிக்கிறது. வரலாற்று நூல்களைப் படிக்க ஒரு வழி உண்டு: 'நாஃபிஉ மவ்லா இப்னு உமர்' என்று வந்தால், முதலில் நிற்பவரே சார்ந்திருப்பவர். நாஃபிஉ, இப்னு உமர் விடுதலை செய்தவர்.

கேள்வி: நபிமொழிகளைத் தொகுத்த இமாம் புகாரி அரபியர் அல்லர் என்கிறார்கள். பிறகு 'அல்-ஜுஅஃபீ' என்ற அரபுக் குலப்பெயர் எப்படி வந்தது?

அவருடைய பாட்டனாரின் தந்தை முகீரா, புகாராவின் ஆளுநர் யமான் அல்-ஜுஅஃபீயிடம் இஸ்லாத்தை ஏற்றவர். அந்தக் காலத்தில் அரபியரல்லாத ஒருவர் இஸ்லாத்துக்கு வந்தால் ஓர் அரபுக் குலத்தோடு மவ்லாவாக இணைந்துகொள்வது வழக்கம். குலப்பெயர் வாரிசுகளுக்கும் தொடரும். இங்கே அடிமைத்தனமே இல்லை. நபி வரலாறு எழுதிய இப்னு இஸ்ஹாக்கின் கதை வேறு: அவருடைய பாட்டனார் யஸார், இராக்கின் ஐனுத் தம்ரில் சிறைபிடிக்கப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். 'மவ்லா' என்று கண்ட இடத்திலெல்லாம் 'விடுதலை பெற்ற அடிமை' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இருவரையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள்.

கேள்வி: உமையா அரச வம்சத்தின் ஆட்சியில் மவாலிகள் இரண்டாந்தரக் குடிகளா?

பெரும்பாலும் அப்படித்தான் நடத்தப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்று நகரங்களுக்கு வந்த இராக் உழவர்களை ஆளுநர் ஹஜ்ஜாஜ் ஊருக்குத் திருப்பி அனுப்பி, முஸ்லிமல்லாதவர் செலுத்தும் தலைவரியான ஜிஸ்யாவையும் வசூலித்தார். மதம் மாறியவர்களிடம் ஜிஸ்யா வாங்கக் கூடாது என்று கலீஃபா இரண்டாம் உமர் (717–720) உத்தரவிட வேண்டியிருந்தது. 685-இல் கிளர்ச்சி செய்து இராக்கின் கூஃபா நகரைக் கைப்பற்றிய முக்தார், அரசு வருவாயில் மவாலிகளுக்கும் பங்கு கொடுத்தார். அதற்காகவே அங்கிருந்த அரபுப் பிரமுகர்கள் அவர்மீது பகை கொண்டார்கள். ஆனாலும் 711-இல் ஸ்பெயினுக்குள் படை நடத்திய தாரிக் இப்னு ஸியாத், வட ஆப்பிரிக்க ஆளுநர் மூஸா இப்னு நுஸைரின் மவ்லா. உமையாக்களுக்குப் பின் ஆண்ட அப்பாஸிகள் காலத்திலோ 'மவ்லா அமீரில் முஃமினீன்' (கலீஃபாவின் மவ்லா) என்பது பெருமைக்குரிய பட்டமே ஆகிவிட்டது.

கேள்வி: மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையிலுள்ள கதீர் கும் என்ற இடத்தில் நபி (ஸல்) அலீ (ரலி) அவர்களை மவ்லா என்றது எந்தப் பொருளில்?

'நான் யாருக்கு மவ்லாவோ அவருக்கு அலீயும் மவ்லா' என்பது நபிமொழி. ஷீஆக்கள் தலைமை என்று கொள்கிறார்கள். சுன்னிகள் நேசம், ஆதரவு என்கிறார்கள். சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. அகராதியை மட்டும் புரட்டி இதை முடிவுசெய்ய முடியாது.

கேள்வி: மௌலவி, மௌலானா, மௌலிது மூன்றும் ஒரே வேரா?

முதல் இரண்டும் மவ்லாவிலிருந்து வந்தவை. 'எங்கள் மவ்லா' என்பதே மௌலானா. மௌலிது, பிறப்பைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து வந்தது.