கர்னல் மாட்யூலில் பிரிண்ட்எஃப் ஏன் வேலை செய்வதில்லை?

காரைக்குடியில் கணினிப் பொறியியல் படிக்கும் தம்பி கேட்டிருக்கிறார்: "சி நன்றாகத் தெரியும். ஆனால் லினக்ஸ் மாட்யூலில் பிரிண்ட்எஃப் எழுதினால் கம்பைலே ஆகவில்லை. ஏன்?"

உங்கள் ஊர் வீடுகளையே பாருங்கள். திண்ணையில் இருப்பவர் நேரே இரண்டாம் கட்டுக்குள் நுழைந்து சாமான் எடுக்க முடியாது, வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண புரோகிராமும் அப்படித்தான். அது கர்னலிடம், அதாவது வீட்டாரைப் போல எல்லாவற்றையும் நிர்வகிக்கும் லினக்ஸின் மையப் பகுதியிடம், கேட்கும் முறைதான் சிஸ்டம் கால். பிரிண்ட்எஃப் என்பது சி லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன், கடைசியில் அதுவும் கர்னலிடம் 'ரைட்' சிஸ்டம் கால் மூலம்தான் கேட்கிறது. மாட்யூலோ கர்னலுக்குள்ளேயே ஓடுவது. அங்கே அந்த லைப்ரரி கிடையாது. அதனால் கர்னலின் சொந்த ஃபங்ஷனான பிரிண்ட்கே (printk) போடுங்கள், டிமெஸ்ஜி (dmesg) கட்டளையில் வெளியீட்டைப் பாருங்கள்.

சரி, இதைவிட முக்கியமான சங்கதி ஸ்டாக், அதாவது ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் மாறிகள் தங்கும் நினைவகம். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்குக் கர்னல் ஸ்டாக் வழக்கமாக 16 கேபிதான். ஃபங்ஷனுக்குள் பெரிய அரே அறிவித்தால் போச்சு. அதற்குப் பதில் கர்னலின் கேமல்லாக் (kmalloc) ஃபங்ஷன் மூலம் நினைவகம் வாங்குங்கள். தசமப்புள்ளி எண் (ஃப்ளோட்) கணக்கையும் தவிருங்கள். பயனர் பக்கமிருந்து வரும் பாயின்டரை நேரடியாகத் தொடாமல், காப்பி ஃப்ரம் யூசர் ஃபங்ஷன் வழியாகவே படியுங்கள்.

சாதாரண புரோகிராமில் நல் (NULL) பாயின்டரைத் தொட்டால் அந்த புரோகிராம் மட்டும் சாகும். இங்கே மெஷினே உறைந்துபோகலாம். எனவே பிராஜெக்ட் ஃபைல் இருக்கும் லேப்டாப்பில் விளையாடாமல் க்யூஎமு (QEMU) என்ற மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள். கர்னல் கற்க, அதை நினைவகத்தில் ஏற்றும் பூட்லோடரில் தொடங்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் ஒரு சின்ன கேரக்டர் டிவைஸ் டிரைவர் (தரவை பைட் பைட்டாகப் படித்து எழுதும் சாதனத்துக்கான மாட்யூல்) எழுதுங்கள்.