100 மெகாபிட் லைனில் 11.3 தான் வருகிறது, மீதி எங்கே?

கேள்வி: அலுவலகத்துக்கு 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் லைன் எடுத்திருக்கிறோம். ஏற்றவும் இறக்கவும் ஒரே வேகம். ஆனால் ஃபைல் இறக்கும்போது விண்டோஸ் கணினி 11.3 எம்பி என்றுதான் காட்டுகிறது. தினமும் 400 ஜிபி பேக்கப்பை இரவு 10 மணிக்குத் தொடங்கி, காலை 8 மணிக்குள் அனுப்பி முடிக்க முடியுமா? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. பழைய நெட்வொர்க் ஆவணம் ஒன்றில், ஓர் எஸ்டிஎம்-1 லைனுக்குள் (தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பெரிய லைன், வினாடிக்கு 155.52 மெகாபிட்) 63 ஈ1 லைன்கள் (தொலைபேசிக் குரல்களைச் சேர்த்துக் கொண்டுபோகும் சிறிய லைன், வினாடிக்கு 2.048 மெகாபிட்) என்று எழுதியிருக்கிறது. 155.52 ஐ 2.048 ஆல் வகுத்தால் 75க்கு மேல் வருகிறதே, எது சரி?

பதில்: உங்கள் லைனில் குறை எதுவும் இல்லை. 11.3 என்பதே அது தரக்கூடிய முழு வேகம். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம், ஏனென்றால் 63க்கும் 75க்கும் உள்ள வித்தியாசத்துக்கான விடையும் இதே வழியில்தான் கிடைக்கும்.

லைன் விற்பவர்கள் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், ஃபைல் இறக்கும் மென்பொருள் பைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். எனவே வினாடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட். ஆங்கிலத்தில் சின்ன ‘பி’ போட்டால் பிட், பெரிய ‘பி’ போட்டால் பைட் என்று கண்டுபிடித்துவிடலாம். தமிழில் எழுதும்போது அந்த அடையாளமும் போய்விடுகிறது, இரண்டுமே ‘எம்பி’ ஆகிவிடும். வினாடிக்கு 40 எம்பி வேண்டும் என்று ஒருவர் எழுதி, மற்றவர் அதை வேறு அளவாகப் படித்தால், கணக்கு எட்டு மடங்கு தப்பும். அதனால் தமிழில் எழுதுகிறவர்கள் மெகாபிட், மெகாபைட் என்று முழுசாகவே எழுதிவிடுங்கள். இதை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

சரி, 12.5 வந்துவிட்டது. அது ஏன் 11.3 ஆனது?

ஈதர்நெட்டில் தரவு பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. வழக்கமான அமைப்பில் ஒரு பொட்டலத்தின் கொள்ளளவு 1500 பைட். அதில் 40 பைட் முகவரி, வரிசை எண் போன்ற தலைப்புகளுக்குப் போய்விட, உங்கள் ஃபைலுக்கு மிஞ்சுவது 1460. இந்த 1500ஐ லைனில் அனுப்பும்போது ஈதர்நெட் தன் பங்குக்குச் சேர்ப்பது 38 பைட்: முன்னோட்டக் குறி 8, தலைப்பு 14, பிழை சரிபார்ப்பு 4, அடுத்த பொட்டலத்துக்கு முன் விடும் இடைவெளி 12. ஆக, லைனில் 1538 பைட்டுக்கான நேரம் செலவாகும்போது உங்கள் கைக்கு வருவது 1460. கிட்டத்தட்ட 94.9 சதவீதம். 12.5 மெகாபைட் இப்போது 11.87 ஆகிவிட்டது.

மிச்சம் 1024இன் வேலை. தகவல் தொடர்பில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் 10 லட்சம், இதில் விதிவிலக்கு இல்லை. விண்டோஸோ 1024ஐ 1024ஆல் பெருக்கி, அதாவது 10,48,576 பைட்டை ஒரு எம்பி என்று காட்டுகிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1998இல் கிபி, மெபி, கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்கள் வைத்தார்கள், ஆனாலும் திரையில் பழைய பெயரே நிற்கிறது. 11.87ஐ 1.0486ஆல் வகுத்துப் பாருங்கள், 11.3 வரும்.

கிலோவில் இந்த வித்தியாசம் 2.4 சதவீதம்தான். மெகாவில் 4.9, கிகாவில் 7.4 என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் பேக்கப் கணக்கில் இதுதான் முக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது ஈ1. 2.048 என்ற எண்ணைப் பார்த்தவுடன் பலர் இதை 1024 கணக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. தொலைபேசிக் குரலை வினாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுவார்கள். ஒரு குரலுக்கு வினாடிக்கு 64,000 பிட். அப்படி 32 இடங்களைச் சேர்த்தால் 20,48,000 பிட், அதாவது 2.048 மெகாபிட்.

எஸ்டிஎம்-1இலும் அதே 8000 தான். 270 நெடுவரிசை, 9 கிடைவரிசை கொண்ட பைட் கட்டம் ஒன்று வினாடிக்கு 8000 முறை போகிறது. 270 × 9 × 8 × 8000 போட்டுப் பாருங்கள், சரியாக 155.52 மெகாபிட். இந்தக் கட்டத்துக்குள் ஒவ்வோர் ஈ1க்கும் 4 நெடுவரிசை ஒதுக்கப்படுகிறது, அதாவது 36 பைட். ஈ1க்குத் தேவையோ 32 பைட்தான். கூடுதல் பைட்டுகள் அந்த ஈ1ஐக் கண்காணிக்கவும், கட்டத்தில் அது எங்கே தொடங்குகிறது என்று காட்டவும். கட்டத்தின் நிர்வாகத்துக்கும் தனியாக நெடுவரிசைகள் உண்டு. அப்புறம் அடுக்குமுறை: 3 பெரிய தொகுப்பு, ஒவ்வொன்றிலும் 7 சிறு தொகுப்பு, ஒவ்வொன்றிலும் 3 ஈ1. மொத்தம் 63. உங்கள் ஆவணம் சொல்வதே சரி. நீங்கள் போட்ட வகுத்தலிலும் தப்பில்லை, ஆனால் அது அலகை மாற்றும் கணக்கு. உள்ளே எத்தனை கொள்ளும் என்பது வேறு கணக்கு. பெட்டியின் கன அளவை மட்டும் வைத்து அதற்குள் எத்தனை டப்பா அடுக்கலாம் என்று சொல்ல முடியாதே, அதுபோல.

பேக்கப்புக்கு வருவோம். கையில் வரும் வேகம் வினாடிக்கு 94.9 மெகாபிட். 400 ஜிபி என்பது 1000 கணக்கில் சொன்னது என்றால், 400ஐ 8ஆல் பெருக்க 3200 கிகாபிட், அதாவது 32 லட்சம் மெகாபிட். 94.9ஆல் வகுத்தால் சுமார் 33,700 வினாடி. 9 மணி 22 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த 400, விண்டோஸ் திரையில் பார்த்த எண் என்றால், உண்மையில் அது 429.5 கிகாபைட். அதற்கு 10 மணி 3 நிமிடம் ஆகும். காலை 8 மணியை 3 நிமிடம் தாண்டிவிடுகிறீர்கள், அதுவும் லைனில் வேறு யாருமே இல்லாத இரவில். ஃபைலின் பண்புகள் பக்கத்தைத் திறந்தால் முழு பைட் எண்ணிக்கையும் இருக்கும், அதை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 42,900 கோடி பைட்டை ஒட்டி வந்தால், பேக்கப்பை 9 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.