கல்லு விளையில் டீசல் காய்க்குமா?

கேள்வி: ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு ஏக்கர் கல்லு விளை சும்மா கிடக்கிறது. காட்டாமணக்கு வைத்தால் பம்புசெட்டுக்கு டீசல் ஆகும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். 2003-ல் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை முன்னிறுத்திய செடி அது. வறட்சியில் சாகாது, உண்மைதான். ஆனால் காய்க்கவும் செய்யாது. காய் பிடிக்கத் தண்ணீரும் உரமும் கேட்கும். அதைக் கொடுக்க வசதி இருந்தால் முருங்கையே வைத்துவிடலாமே! காயும் ஒரே சமயத்தில் முற்றாது, பறிகூலி கையைக் கடிக்கும்.

புங்கன் வையுங்கள். 5 மீட்டர் இடைவெளியில் 160 கன்று, இரண்டடிக் குழி. ஐப்பசி மழையோடு நட்டால் ஆடிக் காற்றுக்கு முன் வேர் பிடித்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் ஊன்றுகம்பையும் மேற்குப் பக்கமே நடுங்கள். கிழக்கே நட்டால் தண்டு கம்பில் உரசித் தோல் உரியும். வேர் பக்கவாட்டில் ஓடும், அடுத்தவர் வரப்பை ஒட்டி வைக்காதீர்கள்.

விதைக் கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும். வளர்ந்த மரத்துக்குத் தோடு நீக்கிய விதை 10 கிலோ என்று அடக்கமாகவே வைத்தாலும் 1,600 கிலோ. எக்ஸ்பெல்லரில் (எண்ணெய் பிழியும் இயந்திரம்) நாலு கிலோவுக்கு ஒரு லிட்டர் எண்ணெய். ஆக 400 லிட்டர். விதை நல்ல விலைக்குப் போகிற வருஷம் எண்ணெய் ஆட்டாதீர்கள், விதையாகவே விற்றுவிடுங்கள். ஆட்டினால் ஆயிரம் கிலோவுக்குக் குறையாமல் பிண்ணாக்கு மிஞ்சும். நம் ஜில்லா வாழைக்காரர்கள் நூற்புழுவுக்கு அதைத் தேடி வாங்குவார்கள். லாபம் அங்கேதான். சமையல் எண்ணெய் ஆட்டும் செக்கில் மட்டும் இதைப் போடாதீர்கள். கசப்பு லேசில் போகாது.

கேள்வி: புங்க எண்ணெயை அப்படியே இன்ஜினில் ஊற்றலாமா?

பதில்: ஓடும், கொஞ்ச நாள். டீசலைவிடப் பத்து மடங்கு கெட்டி. சரியாகத் தூவாமல் நாசிலில் (எரிபொருள் தூவும் முனை) கரி கட்டும், பிஸ்டன் ரிங் ஒட்டும். அதனால்தான் எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்தெடுத்து, பயோடீசலாக மாற்றுகிறார்கள்.

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் கொட்டை எண்ணெயில் பயோடீசல் செய்து பார்த்தோம். கிளிசரின் பிரியாமல் மொத்தமும் சோப்புக் கூழாகிவிட்டது. ஏன்?

பதில்: ஈர மண்ணில் கிடந்து புளித்த கொட்டையைப் பொறுக்கியிருப்பீர்கள். அதில் கொழுப்பு அமிலம் ஏறிவிடும். காஸ்டிக் சோடா அதோடு சேர்ந்து சோப்பாகும்.

முதலில் சோதியுங்கள். 1 மில்லி எண்ணெயை 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரை, இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை சொட்டுங்கள். 3 மில்லிக்குள் நின்றால், லிட்டர் எண்ணெய்க்கு 3.5 கிராமோடு, சொட்டியது எத்தனை மில்லியோ அத்தனை கிராமும் கூட்டிய அளவு காஸ்டிக் சோடா, 200 மில்லி மெத்தனால், 55–60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கல்.

ரப்பர் கொட்டை எண்ணெய் இந்தச் சோதனையில் 20 மில்லியைத் தொடுவது சகஜம். அப்போது முதலில் அமிலச் சுற்று: லிட்டருக்கு 200 மில்லி மெத்தனாலில் 5 மில்லி கந்தக அமிலத்தை மெதுவாகச் சேர்த்து, அதை எண்ணெயோடு கலக்கி, தெளிய விட்டு, மேலே மிதக்கும் மெத்தனால்-நீர்ப் படலத்தை எடுத்துவிடுங்கள். மறுபடி சோதனை, 3-க்குள் இறங்கிய பிறகே காஸ்டிக் சோடா.

மெத்தனால் ஆவி கண்ணைக் குருடாக்கும். மூடிய பாத்திரம், நெருப்பில்லாத சூடு. மெத்தனாலை வைத்திருக்கவே மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை உரிமம் வேண்டும் என்பதால், வீட்டுக் கொல்லையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.