பூவின் நிறமும் மண்ணின் நிறமும்

கேள்வி: சங்குப்பூவிலும் மஞ்சளிலும் நான் செய்த நீர்வண்ணங்கள் இரண்டே மாதத்தில் வெளுத்துவிட்டன. செம்மண்ணில் செய்தது வெளுக்கவில்லை; ஆனால், கிண்ணத்தில் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கிறது. என்ன பிழை செய்கிறேன்?
– ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: வெளுத்ததில் உங்கள் பிழை எதுவும் இல்லை. பூவிலும் கிழங்கிலும் கிடைப்பவை வெளிச்சம் பட்டால் சிதைந்துபோகும் சாயங்கள். சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலே அது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்புத் தன்மையுள்ள மலிவான காகிதமும் அதே வேலையைச் செய்யக்கூடும். மஞ்சளைப் படிகாரம் இட்டுப் படியவைத்தாலும் அது வெயிலுக்கு நிற்காது. செம்மண்ணின் நிறமோ இரும்பு ஆக்சைடு. சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் சிதைந்தது போக இன்றும் நிறத்தோடு எஞ்சியிருப்பது இத்தகைய கனிம வண்ணங்களால்தான். ஆகவே, மண்ணை விடாதீர்கள்.

வெடிப்புக்கு வருவோம். மண்ணை வெறுமனே சலித்தால் போதாது. நீரில் கரைத்துக் கலக்கி, அரை நிமிடம் பொறுத்து, மணல் அடியில் தங்கியதும் மேலுள்ள கலங்கல் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, மறுநாள் தெளிவை இறுத்துவிட்டு, படிந்த வண்டலை நிழலில் உலர்த்த வேண்டும். கருவேலம் பிசின் ஒரு பங்குக்கு நீர் இரண்டு பங்கு என இரவு முழுதும் ஊறவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். (பாதாம் பிசின் உதவாது, அது கரையாமல் உப்பிக்கொண்டு நிற்கும்.) பிசின் மட்டும் காய்ந்தால் கண்ணாடி போல் நொறுங்கும் என்பதால், ஐந்து கரண்டிப் பிசின் நீருக்கு ஒரு கரண்டித் தேன் சேருங்கள்; தேன் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பூஞ்சை வராமலிருக்க இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் போதும். இதில் வண்டல் பொடியைக் குழைத்து, நறநறப்பு அடங்கும்வரை மைய அரைத்து, கிண்ணத்தை ஒரேயடியாக நிரப்பாமல் ஒரு படலம் காய்ந்தபின் அடுத்ததை ஊற்றுங்கள். தாளில் தீட்டிக் காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள்: பொடி ஒட்டினால் பிசின் குறைவு, பளபளத்தால் அதிகம்.

மஞ்சள் காவியை இரும்புச் சட்டியில் வறுத்தால், அதிலுள்ள நீர் பிரிந்து சிவப்பாகிவிடும். ஒரே மண்ணில் இரண்டு வண்ணம். பிசின் வாங்கும் கடையில் அரிதாரம் என்னும் மஞ்சள் கனிமமோ லிங்கம் (சாதிலிங்கம்) என்னும் சிவப்புக் கனிமமோ கண்ணில் பட்டால், நிறத்தில் மயங்கி வாங்கிவிடாதீர்கள். முன்னதில் ஆர்சனிக்கும் பின்னதில் பாதரசமும் உள்ளன.