குப்பம்மாள் என்ற பெயரின் பொருள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் கணவர் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தா சின்னப்பன் நினைவாகப் ‘பவுலா’ என்று பெயர் வைக்க அவர் விரும்புகிறார். என்னை வளர்த்த பாட்டி குப்பம்மாள் போன ஆண்டு காலமானார். அவர் பெயரும் குழந்தையோடு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பெயர்ப்பொருள் சொல்லும் செயலி ஒன்றில் தேடினால் பவுலாவுக்குச் ‘சிறியது’ என்று வருகிறது. குப்பம்மாளுக்குப் பொருள் தேடவே வேண்டியதில்லை. “ஒன்று சின்னது, இன்னொன்று குப்பை, இதுவா குழந்தைக்கு வைக்கிற பேர்?” என்று என் அம்மா வருத்தப்படுகிறார். இரண்டையும் விட்டுவிடுவதுதான் சரியா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பாட்டியின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். என் தந்தைவழிப் பாட்டியின் அக்கா பெயரும் குப்பம்மாள்தான். அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நான்காவதாக இவர் பிறந்ததும், தீட்டுக் கழிந்த அன்று விடியற்காலையில், இவரைப் பழைய முறம் ஒன்றில் கிடத்தித் தெருக்கோடிக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் தாய் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாராம். சொல்லிவைத்தபடி அங்கே நின்றிருந்த பக்கத்து வீட்டுப் பெண், ‘யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எடுத்து வந்து, இரண்டு படி தவிட்டுக்கு அதே தாயிடம் விற்றிருக்கிறார். பெற்றவளே வேண்டாமென்று எறிந்த பிள்ளையை எமன் எதற்குத் தேடி வரப்போகிறான் என்பதுதான் கணக்கு. பாட்டி 81 வயது வரை இருந்தார். தவிட்டுக்கு வாங்கிய கதையைத் தானே சொல்லுவார். அப்போது அவர் முகத்தில் இருந்தது பெருமைதான், கூச்சத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி, மூக்கு குத்திப் பெயரிட்ட மூக்கன், மூக்காயி ஆகிய எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு வீடும் அந்த வீட்டில் தங்காமல் போன பிள்ளைகளும் இருப்பார்கள். தெலுங்கில் பெண்டய்யா, பெண்டம்மா என்பதும் குப்பைமேட்டுப் பெயர்தான். கடல் கடந்தாலும் இதே அச்சத்தைக் காணலாம். ஜப்பானை ஆண்ட தோயோதோமி ஹிதேயோஷிக்கு 1589இல் மகன் பிறந்தபோது, ‘எறியப்பட்டவன்’ என்ற பொருளில் சுதே என்று பெயரிட்டார். அந்தக் குழந்தை 1591இல் இறந்துபோனது. 1593இல் அடுத்த மகன் பிறந்ததும் ‘கண்டெடுத்தது’ என்ற பொருளில் ஹிரோய் என்று அழைத்தார். நாட்டையே ஆண்டவருக்கும் நம் தெருக்கோடிக் குப்பைமேட்டின் தந்திரத்தைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நைஜீரியாவின் யொரூபா மக்கள், அடுத்தடுத்து இறக்கும் குழந்தைகளுக்குப் பின் பிறப்பவர்களுக்கு ‘இனிப் போகாதே’ என்ற பொருளில் மலோமோ என்றும், ‘மண்வெட்டி இல்லை’ என்ற பொருளில் கொசோகோ என்றும் பெயர் வைப்பார்கள். குழி தோண்ட மண்வெட்டி இல்லை, ஆகவே நீ சாகக் கூடாது என்று குழந்தையிடமே சொல்கிறார்கள். 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்ட அரசரின் பெயர் கொசோகோ.

ஆகவே குப்பம்மாள் என்றால் என்ன பொருள் என்று யாராவது கேட்டால், ‘இந்தப் பிள்ளை பிழைத்திருக்க வேண்டும்’ என்று பொருள் என நான் சொல்லுவேன். குப்பை என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளைக் கொண்டு அந்தப் பெயரை எடைபோடுவது, அதைச் சூட்டிய தாய்க்குச் செய்யும் அநியாயம்.

இனி பவுலா. பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள் இருப்பது உண்மைதான். அதைத் தெரிந்துகொண்டுதான் கத்தோலிக்கத் தமிழர்கள் புனித பவுலைச் சின்னப்பர் என்றார்கள். உங்கள் கணவரின் தாத்தா பெயரே ஒரு மொழிபெயர்ப்புதான். ‘பவுலா’ வந்தால் அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போகிறது. கிரேக்கத்தில் முடி என்று பொருள்படும் ஸ்தேபனோஸ் தமிழில் முடியப்பர் ஆனார். லாசர் என்ற பெயரின் எபிரேய மூலத்துக்குக் ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். 1745இல் அந்தப் பெயரால் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டப் பிள்ளையைத்தான் தமிழில் தேவசகாயம் என்கிறோம். 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஒலியை அப்படியே கடன் வாங்குவது எளிது. அதற்குள் இருப்பது என்னவென்று கேட்டறிந்து, அதைத் தன் மொழியில் சொன்னவர்களின் உழைப்பு எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தெரிகிறது.

ரோமானியர்களின் பெயர்களை அகராதியில் தேடினால் உங்கள் அம்மா இன்னும் அதிர்ந்துபோவார். சென்னையில் எத்தனையோ பெண்களுக்கு இருக்கும் செசிலியா என்ற பெயர் பார்வையின்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடும், கிளாடியா கால் ஊனத்தைக் குறிக்கும் சொல்லோடும் இணைத்துச் சொல்லப்படுபவை. ஆனால் செசிலியா என்றதும் நம் நினைவுக்கு வருபவர் இசையின் பாதுகாவலரான புனிதர்தான். ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவின் பெயர் கொண்டைக்கடலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அவர் அரசியலில் இறங்கியபோது பெயரை மாற்றிக்கொள்ளும்படி நண்பர்கள் சொன்னதாகவும், பெரிய குடும்பங்களின் பெயர்களைவிட இதைப் புகழ்பெறச் செய்கிறேன் என்று அவர் மறுத்ததாகவும் பழங்கால கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

செயலிகளை நம்புவதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்திருந்தால் போதும், இரண்டு மொழிப் பெயர்களை அவை உறவாக்கிவிடும். கவின் என்றால் தமிழில் அழகு. கெவின் என்பது ஐரிஷ் பெயர். அதன் பழைய வடிவத்தில் அழகு, அன்பு என்னும் பொருள்கள் கொண்ட சொல் இருக்கிறது. ஒலியும் ஒத்துப்போகிறது, பொருளும் ஒத்துப்போகிறது; ஆனாலும் இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பாட்டியின் பெயர் குழந்தையோடு இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்குத் தமிழே சாட்சி. பேரன் என்பது பெயரன், பேத்தி என்பது பெயர்த்தி. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர்கள் என்பதால்தான் அந்த உறவுக்கே அப்படி ஒரு சொல் அமைந்தது. நற்றிணையின் 40ஆம் பாடலில், பிறந்த ஆண் குழந்தையைச் ‘சிறந்தோன் பெயரன்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

பள்ளியில் பிற பிள்ளைகள் கேலி செய்வார்களே என்ற கவலை உங்கள் அம்மாவுக்கு இருக்கும்; அது நியாயமான கவலை, நாளை அந்தப் பெயரோடு வகுப்பில் உட்காரப்போவது குழந்தைதான். முதற்பெயராகப் பவுலாவையே வையுங்கள். குப்பம்மாளை இரண்டாம் பெயராகப் பதிவு செய்யலாம். அதற்கும் வீட்டில் சம்மதம் கிடைக்காவிட்டால், பவுலைச் சின்னப்பராக்கிய வழியிலேயே நீங்களும் போகலாம்: குப்பம்மாளின் உட்பொருளைத் தமிழில் சொன்னால் வாழவந்தாள். அதுவும் நம் ஊர்களில் வழங்கும் பெயர்தான். ஆனால் என்னைக் கேட்டால், குப்பம்மாளை அப்படியே விட்டுவைப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அவசரமும் இல்லை. பெயர் குறிப்பிடாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். உங்களுக்கு இன்னும் எட்டு மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் பாட்டியின் தலைமுறையில் யாராவது இருந்தால், அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போய்வாருங்கள். குப்பம்மாளுக்கு முன் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், குப்பைமேட்டிலிருந்து அவரை எடுத்து வந்தது யார், எவ்வளவு தவிடு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். பதிலை அம்மாவே கேட்கட்டும். பிறகு பெயரை முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.